மேல்மாடி அக்காவுக்கு நான் படிப்பிச்ச தமிழ்

எடி பிள்ளையள், உங்களிலை ரெண்டு மூண்டு பேர் இன்னும் என்ரை முதுகுக்குப் பின்னாலை கதைக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். கலியாணம் முற்றாகி இருந்த நேரம், தமிழ்க்கடை கியூவிலை, மாமியாராகப் போறவவைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு, நான் ஒரு வெள்ளைக்காரிக்கு என்ன மறுமொழி சொன்னனான் எண்டுதானே கதை? ஓம், சொன்னனான். இல்லையெண்டு நான் மறைக்கேல்லை. ஆனா இவ்வளவு வருசத்திலை, ஏனடி சொன்னனீ எண்டு ஒருத்தியாவது கேட்டியளே? கேக்கேல்லை. கதை காவ மட்டும் எல்லாருக்கும் நல்ல கால். இப்ப ஐம்பதும் தாண்டி, பேரப்பிள்ளையும் கண்டாச்சு. இனி எனக்கென்ன வெக்கம்? தேத்தண்ணியைக் கையிலை வைச்சுக்கொண்டு இருங்கோ. நானே சொல்லுறன்.

அப்ப எனக்குப் பதினொரு வயசு. எண்பதுகளிலை, நாங்கள் வந்து இறங்கின முதல் வருசம், மரமெல்லாம் இலை கொட்டுற நேரம். லண்டனிலை மிச்சம் எண்ட இடத்திலை, அந்தப் பெரிய புல்வெளிக்கு எதிரிலை ஒரு பழைய வீடு. ஊருக்குப் பேர்தான் மிச்சம். எங்களிட்டை மிச்சம் இருந்தது அப்பா, அம்மா, நான், ஒரு சூட்கேஸ். கீழ்வீட்டிலை நாங்கள் இருந்தம். வீட்டுக்காரர் எங்கடை ஆள்தான், ரெண்டு தெரு தள்ளிக் கடை வைச்சிருந்தவர். அவரை நான் மாமா எண்டுறது, அவற்றை மனிசியை மாமி எண்டுறது. ரத்தச் சொந்தம் ஒண்டும் இல்லை, வாடகைச் சொந்தம். மேல்மாடியிலை ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை தனிய இருந்தவ. முப்பது தாண்டியிருக்கும். மேல்மாடி அக்கா எண்டு நான் கூப்பிடுறது.

எனக்கு ஸ்கூலிலை இடம் இல்லை, காத்திருங்கோ எண்டு சொல்லிப்போட்டினம். அந்த மாரி முழுக்கக் காத்திருந்தன். எனக்குப் படிப்புக் குறைவு எண்டு பகிடி பண்ணுறியள்தானே, அதின்ரை அத்திவாரம் அங்கைதான் போட்டது.

எங்கடை குசினி யன்னலாலை பாத்தால் வெளியிலை ஒரு வேலி. வேலிக்கு மேலாலை றோட்டாலை போறவையின்ரை அரை உடம்புதான் தெரியும். வந்து ரெண்டாம் கிழமை, அம்மா மிளகாய்த்தூள் வறுத்துக்கொண்டு நிக்கிறா, மேல்மாடி அக்கா வேலிக்கு அங்காலை போறா. கையிலை ரெண்டு நீட்டுத் தடி. ரெண்டையும் ஊண்டி ஊண்டிப் போறா.

"இஞ்சை பாரடி, பாவம்" எண்டா அம்மா. "இந்த வயசிலை ரெண்டு தடி. கால் ஏலாத பிள்ளை போலை."

"அவ சரியான கெதியாப் போறா அம்மா."

"பழகினால் கெதியாத்தான் போவினம். வாயை மூடு."

அண்டைக்கே அம்மா உள்ளி போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, ஒரு ஜாம் போத்திலுக்கை விட்டு என்னட்டைத் தந்தா, கொண்டுபோய்க் குடு எண்டு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலிஷ் "லெக்" எண்ட ஒரு சொல்லுத்தான். அதைச் சொல்லி, தேய்க்கிற மாதிரிக் காட்டினன். அக்கா மணந்து பாத்தா, என்னைப் பாத்தா, பிறகு என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கீழை இறங்கிப் பின்வளவுக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. ரெண்டு படியை ஒரு பாய்ச்சலிலை. கால் ஏலாத பிள்ளை!

கொட்டிலுக்கை போனால் நீட்டு நீட்டாப் பலகையள். மெல்லிசு, முனை வளைஞ்சது. வேறை ரெண்டு கட்டைப் பலகைக்குக் கீழை சில்லுப் பூட்டிக் கிடந்தது. ஒரு பழைய அயன் பெட்டி, அதின்ரை அடியிலை, பலகை வழுக்கப் பூசுற மெழுகு உருகிக் கிடந்தது. கற்பூரம் நூந்தாப் பிறகு கோயிலிலை நிக்குமே ஒரு மணம், அதோடை றோட்டுத் தாரையும் கலந்தால் எப்பிடி, அப்பிடி ஒரு மணம். அக்கா அம்மான்ரை எண்ணெயைத் துணியிலை தொட்டு, ஒரு பலகையின்ரை அடியிலை தேய்ச்சா. எங்கடை நாட்டு மெழுகு எண்டு நினைச்சிட்டா! அடுத்த நாள் அந்தப் பலகை முழுக்க எறும்பு.

சுவரிலை படங்கள் இருந்தது. பனிக்கை நிக்கிற அக்கா, நெஞ்சிலை நம்பர் கட்டின அக்கா, கிண்ணம் பிடிச்சிருக்கிற அக்கா. அப்பதான் எனக்கு விளங்கினது. இது ஸ்கீ, அதிலையும் மலையிலை ஏறி நிண்டு கீழை பாயிற சாதி இல்லை. மேடு, பள்ளம், காடு எல்லாம் தன்ரை காலாலையும் கையாலையும் தள்ளித் தள்ளி, மைல்கணக்கிலை பனியிலை வழுக்கிக்கொண்டு ஓடுறது. மற்றதெல்லாம் படத்தையும் கையையும் காட்டிப் போகப்போகச் சொன்னது: அக்கா பிறந்தது வடக்கை, ஸ்கொட்லாந்து மலைப்பக்கம். தேப்பன் காட்டிலை மரம் தறிக்கிறவர். அவர் செய்து குடுத்த பலகையைப் பூட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனதாம். இந்த நாட்டுப் பொம்பிளையளுக்கை மூண்டு தரம் முதலாவது. நோர்வே அங்காலை போனால் நாப்பதாவது. அதையும் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவ. அங்கை பிள்ளையள் பலகையோடை பிறக்குதுகள் எண்டு கையாலை காட்டினா.

வேலை லண்டனிலை, ஒரு சப்பாத்துக் கடையிலை. பனி வேறை எங்கையோ. அதாலைதான் சில்லுப் பலகை. புல்வெளியைச் சுத்தித் தார்ப்பாதை ஒண்டு இருந்தது. ஒவ்வொரு நாளும் விடிய, வேலைக்குப் போக முதல், அதிலை பத்துச் சுற்று. நாய் கொண்டுவாற கிழவன்மார் எல்லாம் சிரிப்பினம்.

ஸ்கூல் இல்லாத எனக்கு அதுதான் ஸ்கூல். அக்கா ஒரு ஸ்டொப்வொச்சை என்ரை கழுத்திலை கொழுவி விட்டா. நான் வளைவிலை நிப்பன். அவ என்னைத் தாண்டேக்கை எத்தினையாம் சுற்று எண்டு கத்துறது என்ரை வேலை. எனக்கு இங்கிலிஷிலை எண்ணத் தெரியாது, தமிழிலை கத்தினன். ரெண்டு கிழமையிலை அவ "ஒண்டு! ரெண்டு!" எண்டு சொல்லிக்கொண்டு தடி ஊண்டத் தொடங்கிட்டா. நான் அவவிட்டைப் படிச்சது "ஒன்ஸ் மோர்", "ஃபாஸ்ட்", "குட்", மெழுகுக்கு "வக்ஸ்". "லெக்" ஏற்கெனவே இருந்தது. மொத்தம் அஞ்சு சொல்லு.

அம்மாவிட்டை நான் திருத்தேல்லை. ஏன் திருத்துவான்? கால் ஏலாத பிள்ளைக்கு எண்டு அம்மா குடுத்துவிடுற அப்பத்திலை பாதியைப் படியிலை வைச்சுத் தின்னுறது ஆர்?

மாசி மாதத்திலை அக்காவுக்குப் பெரிய போட்டி. நாலாந்தரமும் வெண்டால் வெளிநாட்டுக்கு, பெரிய ஓட்டத்துக்கு அனுப்புவினம். வயசு போகுது, இந்த முறை விட்டால் இல்லை. இதை அவ எனக்குச் சொன்ன விதம் இப்பவும் கண்ணுக்கை நிக்குது. நாலு விரலை நிமித்திக் காட்டினா. அஞ்சாவதாப் பெருவிரலை நிமித்தி, அதை மெல்ல மடிச்சுப்போட்டுத் தலையை ஆட்டினா.

தைப்பொங்கலுக்குக் கொஞ்சம் முதல் ஒருநாள், கொட்டிலுக்கை மெழுகு உருக்கிக்கொண்டு இருக்கேக்கை, அக்கா தன்னையும் பலகையையும் காட்டிக் கேட்டா, உங்கடை பாஷையிலை எனக்கு என்ன பேர் எண்டு. உந்த விளையாட்டுக்குத் தமிழிலை பேர் இருக்கெண்டு எனக்கு ஆர் சொன்னது? யோசிச்சன். வழுக்கிறது. "வழுக்கி" எண்டன். அக்கா சிரிச்சுப்போட்டு, நான் கனக்க விழுறனான் எண்டு நிலத்திலை பொத்தெண்டு விழுந்து காட்டினா. சரி, அதையும் சேர்ப்பம் எண்டு "வழுக்கி விழுந்தவள்" எண்டன். அக்கா அதைப் பேனையாலை உள்ளங்கையிலை இங்கிலிஷ் எழுத்திலை எழுதிப் பாடமாக்கினா.

சிரிக்காதேங்கோடி. எங்கடை ஆக்களிட்டை அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து எண்டு உங்களுக்குத் தெரியும், இப்ப எனக்கும் தெரியும். பதினொரு வயசிலை எனக்கு வழுக்கிறதெண்டால் வழுக்கிறது, விழுறதெண்டால் விழுறது.

பொங்கலண்டைக்குக் குசினிக்கைதான் பொங்கினது. பால் வழிஞ்சு காஸ் அடுப்பு நூந்து போச்சு, அப்பா நெருப்புப்பெட்டி தேடிக்கொண்டு நிக்கிறார். மாமி பட்டுச்சீலைக்கு மேலை கோட்டும் போட்டுக்கொண்டு வந்து, கதிரையிலை அகப்பையும் கையுமா இருக்கிறா. அம்மா சொன்னா, "மேலை போய் அந்தக் கால் ஏலாத பிள்ளையையும் கூப்பிடடி. நல்ல நாள், ஒரு வாய் பொங்கல் புக்கை தின்னட்டும்."

அக்காவுக்கு அண்டைக்குத்தான் போட்டிக்குப் போடுற புதுச் சட்டை வந்திருந்தது. கழுத்திலை இருந்து கணுக்கால் மட்டும் நீலம், தோலோடை ஒட்டினது. அதைப் போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டவ, கூப்பிட்ட உடனை அப்பிடியே தடதடவெண்டு படியாலை ஓடி வந்து குசினி வாசலிலை நிண்டா. தடியும் இல்லை, ஒண்டும் இல்லை. அம்மா காலைப் பாக்கிறா, சட்டையைப் பாக்கிறா, திரும்பக் காலைப் பாக்கிறா.

அக்கா கையைக் கூப்பினா. "வணக்கம்" எண்டா. பிறகு உள்ளங்கையைப் பாத்து, ஒவ்வொரு சொல்லாச் சொன்னா.

"நான். வழுக்கி. விழுந்தவள்."

மாமியின்ரை கையிலை இருந்த அகப்பை புக்கைக்கை தாண்டு போச்சு.

எனக்கெண்டால் பெருமை தாங்கேலாது, ஒரு எழுத்தும் பிழைக்காமல் சொல்லிப்போட்டா எண்டு. அக்காவும் முகம் எல்லாம் சிரிப்பா மூண்டு விரலைக் காட்டி, "மூண்டு!" எண்டா.

"என்னடி பிள்ளை சொல்லுறாள்?" எண்டா மாமி. "மூண்டு தரமோ?" மாமியிட்டைக் கடை இங்கிலிஷ் இருந்தது. அதை எடுத்து விட்டா. "யூ? த்ரீ டைம்?"

"யெஸ்! திஸ் இயர் ஃபோர், ஐ ஹோப்!"

"சிவ சிவா. தட் மான்? லோங் பாக்?" சனிக்கிழமையளிலை நீட்டுப் பையோடை ஒரு பெடியன் வாறவன், அக்காவோடை ஓடுறவன். அவனைத்தான் மாமி கேட்டது.

"ஓ, ஹீ இஸ் வெரி குட் டூ!" எண்டா அக்கா. "எவ்ரி இயர்!"

அம்மா ஒரு கோப்பையிலை புக்கையைப் போட்டு நீட்டினா. அக்கா அதை வாங்கிக்கொண்டு துள்ளித் துள்ளி மேலை போனா. கதவு சாத்தின சத்தம் கேட்டதுதான் தாமதம், அம்மா என்னட்டைத் திரும்பினா.

"அவளுக்கு ஆரடி தமிழ் படிப்பிச்சது?"

"நான்தான்" எண்டன், பரிசு தரப்போறா எண்டு நினைச்சு. கன்னத்தைப் பொத்தி ஒண்டு விழுந்தது.

"அம்மா, அது பனியிலை வழுக்கிறது! அது ஒரு விளையாட்டு!"

"வெள்ளைக்காரருக்கு எல்லாம் விளையாட்டுத்தான்" எண்டா அம்மா.

"அவளே தன்ரை வாயாலை சொல்லிப்போட்டாள், பிறகென்ன விளக்கம்?" எண்டா மாமி. "பெட்டைப் பிள்ளை இருக்கிற வீடு. நான் இவரிட்டைச் சொல்லுறன்."

ரெண்டு கிழமையிலை அக்காவை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டினம். எங்கடை சொந்தக்காரர் வருகினம், அறை வேணும் எண்டு மாமா வந்து படியிலை நிண்டு சொன்னவர். எழும்பினால் போட்டிக்கு நாலு கிழமைதான். கொட்டில் இல்லை, புல்வெளி இல்லை, அந்த வாடகைக்கு வேறை இடமும் இல்லை.

எனக்கு வந்த விசரைக் கேளாதேங்கோ. மாமாவின்ரை கடைக்கு ஓடினன். அவர் வெங்காயம் நிறுத்துக்கொண்டு, "மாமியிட்டைச் சொல்லு பிள்ளை" எண்டார். மாமியிட்டைப் போனால், "கொம்மாவிட்டைக் கேள்." அம்மாவிட்டை வந்தால், "சின்னப் பிள்ளையள் கதைக்கிற கதையோ இது?" கொட்டிலிலை இருந்து தடியைக் களவாக் கொண்டுவந்து குசினியிலை ஊண்டிக் காட்டினன். "தடியும் வேறையோ" எண்டு பறிச்சு வெளியிலை எறிஞ்சா. கால் ஏலாதவ எண்டு நினைச்ச மட்டும் அம்மாவுக்கு அவவைப் போலை தங்கமான பிள்ளை இல்லை. கால் நல்ல கால் எண்டு தெரிஞ்சதுதான் பிழையாப் போச்சு.

கடைசியா அப்பா. அப்பா பேப்பர் பாத்துக்கொண்டு இருந்தவர், முழுக்கக் கேட்டார். பேப்பரை நாலா மடிச்சார். "சத்தம் போடாதை குஞ்சு. இது அவையின்ரை வீடு" எண்டார். அவ்வளவுதான்.

பிறகு எனக்கு மிஞ்சினது பிள்ளையார்தான். அலுமாரித் தட்டிலை இருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னாலை நிண்டு பனி கேட்டன். ஒரே ஒருநாள் பனி கொட்டினால் போதும். அக்கா உண்மைப் பலகையைப் பூட்டிக்கொண்டு ஓடுவா, அம்மாவும் மாமியும் வேலிக்கு மேலாலை பாப்பினம், கதை முடிஞ்சுது. ரெண்டு கிழமையும் விடிய எழும்பி யன்னலைப் பாக்கிறன். மழை. மழை. பிறகும் மழை.

அக்கா வெளிக்கிட்ட நாளும் மழைதான். நீட்டுப் பைக்காரப் பெடியன் ஒரு வான் கொண்டுவந்தவன். லண்டனின்ரை மற்றக் கரையிலை, எட்மண்டனிலை ஆரோ சிநேகிதியின்ரை வீட்டு சோபாவிலை படுக்கப் போறாவாம். என்னட்டை இருந்தது அஞ்சு சொல்லு. அதை வைச்சு எப்பிடிச் சொல்லுறது, பிழை என்ரை எண்டு? "லெக் குட்" எண்டன். அக்கா குனிஞ்சு, ஸ்டொப்வொச்சை என்ரை கழுத்திலை கொழுவி விட்டா. "ஒண்டு, ரெண்டு" எண்டா. வான் போயிட்டுது.

மூண்டாம் நாள் பனி கொட்டினது. முழங்கால் மட்டும். பஸ் ஓடேல்லை, புல்வெளி எது றோட்டு எது எண்டு தெரியேல்லை. பிள்ளையாரிலை பிழையில்லை, நான் திகதி சொல்ல மறந்து போனன். அப்பான்ரை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வளைவிலை போய் நிண்டன். ஒரு சில்லு அடையாளம் இல்லை, ஒரு தடி குத்தின ஓட்டை இல்லை. ஒரு நாய் மட்டும் ஓடித் திரியுது. அழுகை வரேல்லை, கோவம்தான் வந்தது. பனியை அள்ளி அள்ளி ஆருக்கோ எறிஞ்சன்.

திரும்பி வாறன், மாமி எங்கடை படலையடியிலை. பால் இருக்கோ எண்டு பாக்க வந்தவ. படியிலை கால் வைச்சா, சர்ரெண்டு போய்ப் பொத்தெண்டு இருந்தா. நான் கிட்டப் போய்க் குனிஞ்சு, "எத்தினையாம் தரம் மாமி?" எண்டன்.

அதுக்கும் அடி விழுந்தது. அந்த அடி எனக்கு நோகேல்லை.

ஸ்டொப்வொச்சை அம்மா பறிச்சா. அந்தச் சாமான் வீட்டிலை இருக்கப்படாது எண்டு சொன்னவ, பேந்து பாத்தால் அதை வைச்சு இடியப்பம் அவிக்க நேரம் பாக்கிறா! ஒரு சத்தம் வரும், கிளிக் எண்டு. குசினியிலை அந்தச் சத்தம் கேக்கிற நேரமெல்லாம் எனக்குப் பத்தி எரியும். வீடு மாறேக்கை அதுவும் துலைஞ்சு போச்சு.

தொண்ணூறுகள் வந்து, எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கின மாரியிலை, ரீவியிலை பனியோட்டம் போச்சு. அப்பா கதிரையிலை இருந்து பாத்துக்கொண்டு, சும்மா வாயிலை வந்ததைச் சொல்லுற மாதிரிச் சொன்னார், "அந்த மேல்மாடிப் பிள்ளையின்ரை படம் அப்ப ஒருக்கா பேப்பரிலையும் வந்தது."

"எப்ப?"

"அதுதான், பொங்கலுக்கு முதல் கிழமை."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பிறகேன் அப்பா வாய் திறக்கேல்லை?"

"மாமியைப் பிழையெண்டு சொல்லிப்போட்டு நாங்கள் எங்கை குஞ்சு போறது? அவளுக்கு ஒரு சோபாவாவது இருந்தது."

நான் ரீவியை நூத்துப்போட்டு எழும்பிப் போயிட்டன். அந்தாள் பொய் சொல்லேல்லை. அதுதான் எனக்கு இன்னும் கூட எரிச்சல்.

இப்ப கடைக்கு வாறன். கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கு. மாமியாராகப் போறவ சாமான் வாங்க என்னையும் இழுத்துக்கொண்டு வந்தவ. எனக்குப் பின்னாலை பெரிய அரிசிப் பையோடை நிக்கிறா. அவவுக்குப் பின்னாலை ஒரு ஏழெட்டுப் பெண்டுகள். ஆர் ஆர் எண்டு நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும்.

முன்னுக்கு நிண்ட வெள்ளைக்காரி திரும்பினா. கையிலை தேங்காய்ப்பால் ரின். நரை கொஞ்சம் விழுந்திருந்தது. என்னைப் பாத்து மெல்லமாக் கேட்டா, "ஒண்டு? ரெண்டு?"

மேல்மாடி அக்கா! அவதான் கதைச்சா. அந்தப் போட்டியிலை ரெண்டாவதாம். நாலு செக்கனாலை. எண்ணிப் பாருங்கோ: ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. அவ்வளவுதான். சோபாவிலை படுத்து, முதுகு பிடிச்சு, ஓடிப் பழக இடமும் இல்லாமல் போன நாலு கிழமைக்கு நாலு செக்கன். வெளிநாட்டுக்கு வேறை பிள்ளையை அனுப்பினவையாம். அடுத்த வருசம் முழங்கால் போச்சு, விட்டிட்டா. இப்ப எட்மண்டனிலை ஒரு பார்க்கிலை சின்னப் பிள்ளையளுக்குச் சில்லுப் பலகை பழக்குறாவாம். கோவம் இல்லாமல்தான் சொன்னா. பிறகு கேட்டா, ஏன் என்னை அந்த வீட்டிலை இருந்து எழுப்பினவை எண்டு எனக்குத் தெரியவே இல்லை, மெழுகு மணமோ எண்டு.

இப்ப என்னட்டை அஞ்சு சொல்லில்லை, தேவையான இங்கிலிஷ் முழுக்க இருக்கு. சொல்லியிருக்கலாம். பின்னாலை அரிசிப் பை மூச்சு விடுறது கேக்குது.

"ஓம் அக்கா, வக்ஸ்" எண்டன். அப்பான்ரை வாய் அப்பிடியே எனக்கு வந்திட்டுது.

அக்கா தலையாட்டினா. நான் அப்பவே நினைச்சன் எண்டா. காசைக் குடுத்து, பையைத் தூக்கி, வாசலடிக்குப் போனவ, என்னைச் சந்தோசப்படுத்திப்போட்டுப் போவம் எண்டு நினைச்சாவாக்கும். திரும்பி நிண்டு, கையைக் கூப்பி, கடை முழுக்கக் கேக்கச் சொன்னா, ஒரு எழுத்தும் பிழைக்காமல்:

"நான் வழுக்கி விழுந்தவள்!"

கல்லாப்பெட்டி திறந்தபடி நிக்குது. மாமியாரின்ரை கண் என்ரை பிடரியிலை குத்துது, இந்தப் பெட்டைக்கு உவளை எப்பிடித் தெரியும் எண்டு. ஆரெண்டு தெரியாத மாதிரி நிண்டிருக்கலாம். கருவேப்பிலையைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கலாம். கலியாணம் குழம்பேல்லை எண்டு உங்களுக்கு இப்ப தெரியும், அந்த நிமிசம் எனக்குத் தெரியாதடி.

"நானும்தான் அக்கா" எண்டன். சத்தமா.

அந்த மனிசிக்குத் தமிழ் எங்கை விளங்கிறது? ஆனா நான் என்ரை நெஞ்சைத் தொட்டுக் காட்டினதிலை ஏதோ பிடிச்சிட்டா. முகம் அப்பிடியே மலர்ந்து போச்சு.

"யூ டூ?" எண்டா. "ரியலி? யூ ஸ்கீ?"

பின்னாலை நிண்ட உங்களை எல்லாம் ஒருக்காத் திரும்பிப் பாத்தன்.

"எவ்ரி இயர்" எண்டன்.